அப்பா வாயில் தயிர்க்கட்டி

இந்தக் கதையை நான் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். அந்த வாரம் முழுவதும் மழை பெய்தது என்று நான் சொல்கிறேன். ஒரு துளிகூடப் பெய்யவில்லை, புல்லெல்லாம் காய்ந்து கிடந்தது என்று என் பெரியப்பா மகள் பூஜின் சொல்கிறாள். பெரியப்பா அன்று நீல மேலங்கி போட்டிருந்தார் என்கிறேன் நான். பழுப்பு என்கிறாள் அவள். இத்தனைக்கும் நாங்கள் இரண்டு பேரும் ஒரே கூடாரத்தில், ஒரே அடுப்பைச் சுற்றித்தான் உட்கார்ந்திருந்தோம்.

ஆனால் அப்பா வாய்க்குள் போன தயிர்க்கட்டி எவ்வளவு பெரியது என்பதில் மட்டும் எங்களுக்குள் சண்டை வந்ததே இல்லை.

என் பெயர் சாருல். அப்போது எனக்குப் பத்து வயது. நாங்கள் மங்கோலியர்கள். நான் நடக்கப் பழகிக்கொண்டிருந்த வயதிலேயே அப்பாவும் அம்மாவும் என்னைத் தூக்கிக்கொண்டு செக் நாட்டுக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். பில்சென் என்ற ஊரில், கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் தொழிற்சாலையில் இரண்டு பேருக்கும் வேலை. அந்தக் கோடையில்தான் அப்பாவுக்கு முதல் தடவையாக நீண்ட விடுமுறை கிடைத்தது. அம்மாவுக்குக் கிடைக்கவில்லை. அதனால் நானும் அப்பாவும் மட்டும் ஊருக்கு வந்தோம்.

விமானத்தில் அப்பா எனக்குப் பாடம் நடத்திக்கொண்டே வந்தார்.

"வாசப்படியை மிதிக்கக் கூடாது. கிண்ணத்தை வலது கையாலதான் வாங்கணும். கூடாரத்துக் கதவைத் தட்டவே கூடாது, தெரியுமா? தூரத்துலேர்ந்தே 'நாயைப் பிடிங்க!'ன்னு சத்தம் போடணும். அதுதான் நம்ம ஊர் வழக்கம்."

"நாய் இல்லாட்டி?"

"இல்லாட்டியும் அப்படித்தான்."

"இல்லாத நாயை எப்படிப்பா பிடிப்பாங்க?"

"அதெல்லாம் பிடிப்பாங்க. நீ சத்தம் போடு."

அப்புறம் பழுப்பனின் கதை. எங்கள் ஆட்கள் குதிரைக்குத் தனியாகப் பெயர் வைப்பதில்லை. அதன் நிறம்தான் அதன் பெயர். பழுப்பனைக் குட்டியிலிருந்து பழக்கியது அப்பா. வெளிநாடு போகும்போது அதைத் தன் அண்ணனிடம், அதாவது என் பெரியப்பாவிடம், விட்டுவிட்டுப் போனார். அது ஒருவரையும் எளிதில் ஏறவிடாது, கடிக்கும், ஆனால் பனியில் அதைப் போல் நடக்க எந்தக் குதிரையாலும் முடியாது. இதையெல்லாம் நான் பில்செனில் தூங்கப் போகும்போது தினமும் கேட்டு வளர்ந்தேன்.

"நான் பிடிச்சுக் குடுக்கறேன், நீ ஏறிக்கோ. இனிமே அது உன் குதிரை" என்று அப்பா சொல்லியிருந்தார். வகுப்பில் எல்லோரிடமும் நான் சொல்லிவிட்டேன். யாரும் நம்பவில்லை. போட்டோவோடு வருகிறேன் என்று சவால் விட்டிருந்தேன்.

ஜீப் எங்களைப் புல்வெளியில் இறக்கிவிட்டது. வெள்ளையாக, உருண்டையாக ஒரு கூடாரம். பக்கத்தில் சூரிய ஒளித் தகடு, டிஷ் ஆன்டெனா, ஒரு சிவப்பு மோட்டார் சைக்கிள். அப்பா பெட்டிகளைப் போட்டுவிட்டு ஓடினார். ஓடிய வேகத்தில் கதவின் முன் நின்று, டொக் டொக் என்று தட்டினார்.

உள்ளே பேச்சு சட்டென்று நின்றது.

"யாரது? ஆபீஸ்லேர்ந்தா?" என்று பயந்த குரல் கேட்டது.

"அண்ணி, நான்தான்! ஜம்பா!"

கதவு திறந்தது. ஹோர்லோ பெரியம்மா அப்பாவைப் பார்த்தார். அவர் கையைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அடக் கடவுளே... கதவைத் தட்டுறானே! தம்பி, நீ என்ன சென்சஸ் எடுக்க வந்தியா?"

"அங்க தட்டித் தட்டிக் கை பழகிடுச்சு அண்ணி" என்றார் அப்பா, காதெல்லாம் சிவந்து.

பின்னால் நின்ற நான் குடும்ப மானத்தைக் காப்பாற்ற நினைத்து, "நாயைப் பிடிங்க!" என்று கத்தினேன். மோட்டார் சைக்கிள் நிழலில் படுத்திருந்த கறுப்பு நாய் ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது.

லுவ்சான் பெரியப்பா ஒன்றும் பேசாமல் வந்து, எங்கள் வழக்கப்படி என் தலையை முகர்ந்து பார்த்தார். அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு வெகு நேரம் நின்றார். அவர் அப்படித்தான். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் ஒரு கிண்ணம் தேநீர் குடித்து முடித்துவிடலாம்.

உள்ளே உப்புத் தேநீர் வந்தது. "நன்றி அண்ணி" என்றார் அப்பா. வறுத்த மாவுப் பலகாரம் வந்தது. "நன்றி அண்ணி." வெண்ணெய் வந்தது. "ரொம்ப நன்றி அண்ணி."

பெரியம்மா கரண்டியை ஓங்கினார். "எதுக்கெடுத்தாலும் நன்றி, நன்றி! நான் என்ன ஓட்டலா நடத்துறேன்? வீட்டு ஆளு மாதிரி வாயை மூடிக்கிட்டுத் தின்னு."

"சரி அண்ணி. நன்... சரி."

எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. விமானத்தில் எனக்கு நடந்த பாடம் எல்லாவற்றிலும் வாத்தியாரே தோற்றுக்கொண்டிருந்தார்.

பிறகு அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, முறைப்படி விசாரித்தார்.

"ஆடு மாடெல்லாம் கொழுத்துச் சுகமா இருக்கா அண்ணே?"

"கொழுத்துச் சுகமா இருக்கு."

"மேய்ச்சல் நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு."

"என் பழுப்பன்?"

பெரியப்பா கிண்ணத்தை உதட்டருகே கொண்டு போனவர், குடிக்காமல் கீழே வைத்தார்.

"எல்லாம் சுகம்."

"கேட்டியா சாருல்!" என்று அப்பா என் முதுகில் தட்டினார். "நாளைக்குக் காலையில போறோம், பிடிக்கிறோம், நீ ஏறுற!"

பெரியம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பூஜின் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் புரியவில்லை. மந்தையிலிருந்து வழி தவறி வந்த ஆட்டை அப்படித்தான் பார்ப்பார்கள்.

அவள் என்னைவிட ஒரு வயது பெரியவள். அவளுடைய குட்டித் தங்கை ஒருத்தி அடுப்பைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாள்.

"உன் பேர் என்ன?" என்று குட்டியைக் கேட்டேன்.

"நெர்குய்" என்றாள். எங்கள் மொழியில் அதற்குப் 'பேர் இல்லை' என்று அர்த்தம்.

"பேர் இல்லையா? சரி, எப்படிக் கூப்பிடுவாங்க?"

"நெர்குய்."

"அதான் இல்லைங்கறியே. இருக்கற பேரைச் சொல்லு."

குட்டி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "நெர்குய்! நெர்குய்! நெர்குய்!" என்று கத்தினாள்.

"ஏய் டிராம்காரி, அவ பேரே அதுதான்" என்றாள் பூஜின். நான் வந்ததிலிருந்து எங்கள் ஊர் டிராம் வண்டியைப் பற்றி இரண்டு தடவை சொல்லிவிட்டேனாம். அதனால் எனக்கு அந்தப் பட்டம். "பொறக்கறப்ப பொழைப்பாளான்னு தெரியல. பேர் இல்லன்னு சொல்லி வச்சா, எடுத்துட்டுப் போக வர்ற கெட்ட ஆவி ஏமாந்து திரும்பிப் போயிடும். சரி, கூடையை எடு. சாணி பொறுக்கப் போறோம்."

காய்ந்த சாணிதான் அங்கே விறகு. கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு நாங்கள் மேட்டைத் தாண்டியதும் பூஜின் நின்றாள்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லு."

"சொல்ல மாட்டேன்."

"பழுப்பன் இங்க இல்ல."

என் கையிலிருந்த சாணித் துண்டு கீழே விழுந்தது. "செத்துப் போச்சா?"

"சீச்சீ. நல்லா இருக்கு. ஆனா அது இப்ப செரெண் டாக்டரம்மாவோட குதிரை. நெர்குய் பொறந்தப்ப அப்பா அதை அவங்களுக்குக் குடுத்துட்டாரு. அவரோட குதிரை இல்லல்ல அது? அதான் வெக்கம்."

"பெரியப்பா இப்பத்தானே சுகம்னு சொன்னாரு!"

பூஜின் என்னைப் பாவமாகப் பார்த்தாள். "முதல்ல கேட்டா எல்லாரும் சுகம்னுதான் சொல்லுவாங்க. வீடு எரிஞ்சு போயிருந்தாக்கூட முதல்ல சுகம்தான். வந்தவங்க தேத்தண்ணி குடிக்கணும். பேசாம உக்காரணும். அப்புறம் இன்னொரு தடவை கேக்கணும். அப்பத்தான் நிஜத்தைச் சொல்லுவாங்க. உங்கப்பாவுக்கு அதுகூடவா மறந்துபோச்சு?"

மறந்துதான் போயிருந்தது. பில்செனில் நலமா என்று கேட்டு, நலம் என்று பதில் வந்தால் அத்தோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

"போன்ல சொல்லியிருக்கலாமே?"

"அந்தக் குன்னு மேல ஏறினாத்தான் சிக்னல். எங்கப்பா ஒவ்வொரு தடவையும் இன்னிக்குச் சொல்லிடறேன்னு சொல்லிட்டு ஏறுவாரு. உங்கப்பா சுகமான்னு கேப்பாரு. இவரு சுகம்பாரு. இவரு கொஞ்சம் சும்மா இருப்பாரு. லைன் கட்டாயிடுச்சுன்னு நெனச்சு உங்கப்பா வச்சிடுவாரு. இவரு இறங்கி வந்துடுவாரு."

நான் வரைந்து வகுப்புச் சுவரில் ஒட்டிய குதிரைப் படம் கண்ணுக்குள் வந்தது. அதோடு இன்னொன்றும் வந்தது. நாளை காலை அப்பா மந்தைக்குப் போவார். அத்தனை குதிரைகளுக்கு நடுவில் தன் குதிரையைத் தேடுவார். பெரியப்பா பக்கத்தில் நிற்பார்.

"நான் அப்பாகிட்ட சொல்லிடவா?"

"வேணாம்!" பூஜின் என் கையைப் பிடித்தாள். "எங்கப்பா வாயாலதான் சொல்லணும். நீ சொல்லி உங்கப்பாவுக்குத் தெரிஞ்சுதுன்னா, எங்கப்பா தம்பி மூஞ்சியில முழிக்கவே மாட்டாரு. அவர் அப்படித்தான். அவருக்கு வேண்டியது கொஞ்சம் அமைதி. அவ்வளவுதான்."

அந்தக் கொஞ்சம் அமைதிதான் எங்கள் கூடாரத்தில் கிடைக்கவில்லை.

சாயங்காலம் பெரியப்பா மூக்குப்பொடிக் குப்பியை எடுத்து, இரண்டு கையாலும் அப்பாவிடம் நீட்டினார். முக்கியமான பேச்சுக்கு அதுதான் ஆரம்பம். அப்பா வாங்கி முகர்ந்தார். அச்சென்று தும்மினார். பெரியப்பா மெல்ல வாயைத் திறந்தார்.

"அண்ணே! அங்க நாய்க்கு முடி வெட்டற கடை இருக்கு!" என்றார் அப்பா.

பெரியப்பா வாயை மூடினார்.

"நாய் நாற்காலியில உக்காந்திருக்கும் அண்ணே, ராஜா மாதிரி! அப்புறம் கடைக் கதவு. யாரும் தொட வேணாம். கிட்டப் போனா தானாத் தொறக்கும்."

"யாரு தொறக்கறா?" என்றாள் நெர்குய்.

"யாருமே இல்ல!"

"பேர் இல்லாதவங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடிந்ததும் பெரியப்பா மறுபடி தொண்டையைச் செருமினார். "ஜம்பா..."

"ஆமாண்ணே, அதைச் சொல்ல மறந்துட்டேன் பாருங்க!"

நான் அப்பாவின் சட்டையை இழுத்தேன். "அப்பா, கொஞ்ச நேரம் சும்மா இருங்களேன்."

"ஏன்மா, தலை வலிக்குதா? அண்ணே, அங்க தலைவலிக்கே பத்து வகை மாத்திரை இருக்கு..."

பூஜின் தன் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

அன்று படுத்தபிறகு நான் யோசித்தேன். பில்செனில் அப்பா இப்படி இல்லை. தொழிற்சாலையில் இயந்திரச் சத்தத்தில் யாரும் பேச முடியாது. பேசினாலும் அப்பாவுக்கு அந்த மொழி அரைகுறையாகத்தான் வரும். அங்கே அவருக்கு 'அமைதி ஜம்பா' என்று பெயர். வீட்டுக்கு வந்தால் அம்மாவுக்கு இரவு வேலை, எனக்குப் பாடம். இத்தனை வருடமும் பேசாமல் சேர்த்து வைத்த பேச்சு எல்லாம் இப்போது அணை திறந்த மாதிரி வருகிறது. அதைப் போய் நிறுத்து என்று எப்படிச் சொல்வது?

நிறுத்தச் சொல்ல வேண்டாம். ஒரு கிண்ணம் தேநீர் குடிக்கிற நேரத்துக்கு நின்றால் போதும்.

காலையில் நான் வெளியே வந்தபோது பூஜின் கூடாரத்தின் மேல் தட்டுகளில் ஆரூலை, அதாவது தயிர்க்கட்டிகளை, காயப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். புளித்தது. கடிக்க முடிந்தது.

"இது புதுசு. போன வருஷத்து ஆரூல் மூட்டை அடியில இருக்கு. அதைக் கடிச்சா பல்லுதான் உடையும். வாயில போட்டு ஊற வச்சா மத்தியானம் வரைக்கும் இருக்கும்."

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"துப்பிட்டா?" என்றேன்.

"துப்ப முடியாது. வெள்ளைப் பண்டம். பாலைத் துப்புற மாதிரி பாவம். உங்கப்பா மத்ததெல்லாம் மறந்தாலும் அதை மறந்திருக்க மாட்டாரு."

மூட்டைக்குள் தோள் வரை கை விட்டுத் தேடினோம். கடைசியில் கிடைத்தது என் உள்ளங்கை அளவு இருந்தது. மஞ்சளாக, ஆற்றுக் கல் மாதிரி. பூஜின் அதை ஒரு கல்லில் தட்டிப் பார்த்தாள். கல்லில்தான் கீறல் விழுந்தது.

உள்ளே அப்பா ஏற்கெனவே தயாராக இருந்தார். குதிரை பிடிக்கிற சுருக்குக் கழியைக் கதவில் சாய்த்து வைத்துவிட்டு, நின்றபடியே தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். பெரியப்பா தன் கிண்ணத்துக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் இரவெல்லாம் தூங்காத முகம்.

"சீக்கிரம் அண்ணே! வெயில் ஏறினா குதிரைங்க மேட்டுப் பக்கம் போயிடும். பில்சென்ல எங்க மேனேஜர் சொல்லுவாரு..."

"அப்பா!" என்று நான் ஓடினேன். "சின்ன வயசுல ஒரு ஆரூலை வாயில போட்டுக்கிட்டு ஒரு மலையே ஏறி இறங்குவேன்னு சொல்லுவீங்களே, அது இதுதானா?"

அப்பாவின் முகம் மலர்ந்தது. "அட! எங்க கிடைச்சுது? இதேதான்மா! எங்க, கொடு, கொடு!"

வாங்கினார். ஒரு முறை முகர்ந்தார். அப்படியே வாயில் போட்டுக்கொண்டார். ஒரு பக்கக் கன்னம் பந்து மாதிரி உப்பியது.

"ம்ம்!" என்றார் ஆனந்தமாக.

"உக்காந்து சாப்பிடுங்கப்பா."

உட்கார்ந்தார். ஏதோ சொல்ல வந்தார். "ம்ம் மம்ம ம்ம." மறுபடி முயன்றார். முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சப்ப ஆரம்பித்தார்.

பெரியம்மா எங்கள் இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தார். கரண்டியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். நெர்குய்யைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

கூடாரத்துக்குள் அமைதி வந்தது.

அது எப்படிப்பட்ட அமைதி என்று சொல்லத் தெரியவில்லை. அடுப்பில் சாணி கனிகிற ஒலி கேட்டது. மேலே துணி காற்றில் ஒரு தடவை அசைந்தது. தூரத்தில் ஓர் ஆடு இருமியது. யாரும் எதையும் எதிர்பார்க்காத மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

"ஜம்பா" என்றார் பெரியப்பா.

"ம்."

"நீ நேத்துக் கேட்ட. நான் சுகம்னு சொன்னேன்." நிறுத்தினார். "உன் குதிரை இங்க இல்ல. நான் குடுத்துட்டேன்."

அப்பாவின் கண் திறந்தது. "ம்ம்ம்?"

"உன்னைக் கேக்கல."

"ம்ம்ம்ம்!" அப்பா எழுந்துவிட்டார். தன் நெஞ்சைத் தொட்டார். வெளியே கையைக் காட்டினார். கடிவாளம் பிடிக்கிற மாதிரி கையை ஆட்டினார். முகம் சிவந்துவிட்டது. வார்த்தை ஏதோ தொண்டை வரை வந்து தயிர்க்கட்டியில் மோதித் திரும்பிப் போனது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

பெரியப்பா நிமிர்ந்து பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் பேச்சு நின்றிருக்கும். கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நெர்குய் பொறந்த குளிர்காலம். பனி இடுப்பு வரைக்கும். ஹோர்லோவுக்கு ரொம்ப முடியல. டாக்டரம்மாவோட ஜீப் ஆத்துப் பக்கம் மாட்டிக்கிச்சு. அந்த அம்மா அங்கேயிருந்து நடந்தே வந்தாங்க. வந்து ரெண்டு உசிரையும் காப்பாத்துனாங்க."

அப்பா கழியின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"விடிஞ்சதும் கிளம்பறேன்னாங்க. பக்கத்துப் பள்ளத்தாக்குல இன்னொருத்தருக்கு முடியலையாம். அந்தப் பனியில போகக்கூடிய குதிரை என்கிட்ட ஒண்ணுதான் இருந்துச்சு. உன்னோடது. ஏத்தி அனுப்பிட்டேன். வசந்தம் வந்ததும் அதைத் திருப்பிக் குடுக்க வந்தாங்க. நெர்குய் அவங்க மடியில படுத்துக்கிட்டுச் சிரிச்சா. 'குதிரையை நீங்களே வச்சுக்கோங்க'ன்னு என் வாயில வந்துடுச்சு. சொன்ன வார்த்தையைத் திருப்பி வாங்க முடியுமா? அவங்க போனப்புறம்தான் நெனச்சேன், அது என் குதிரை இல்லையேன்னு."

அவ்வளவுதான் சொன்னார். பெரியப்பா ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பிறகும் கேட்டதில்லை.

அப்பா கழியை விட்டு விலகி வந்தார். பிறகு மெதுவாக உட்கார்ந்தார். நெர்குய்யைப் பார்த்தார். பெரியம்மாவைப் பார்த்தார். கன்னத்தில் பந்து இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனது. நாங்கள் எல்லோரும் அந்தக் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். தேநீர் ஆறிப்போனது. யாரும் எடுத்துக் குடிக்கவில்லை.

கடைசியில் கடக்கென்று ஒரு சத்தம். கட்டி உடைந்தது. அப்பா விழுங்கினார்.

"டாக்டரம்மாவைக் கடிச்சானா?" என்றார்.

பெரியப்பா தலையை நிமிர்த்தினார். "யாரு?"

"பழுப்பன்தான். புது ஆளுன்னா கடிப்பானே."

பெரியப்பா இரண்டு விரலை நீட்டினார். "ரெண்டு தடவை. ஆத்துலயும் ஒரு தடவை தள்ளிவிட்டுட்டானாம்."

அப்பா சிரித்தார். பெரியப்பாவின் தோள் குலுங்கியது. அவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. பெரியம்மா இரண்டும் செய்தார்.

"மந்தையில எது பிடிக்குதோ எடுத்துக்கோடா" என்றார் பெரியப்பா.

"எடுத்தாச்சு அண்ணே." அப்பா நெர்குய்யைத் தூக்கித் தன் கழுத்தில் உட்கார வைத்துக்கொண்டார். "இதுதான் எனக்கு. என் குதிரையைக் குடுத்து வாங்குனது."

"நான் குதிரை இல்ல!" என்று குட்டி கத்தினாள்.

"பேரும் இல்லங்கற. குதிரையும் இல்லங்கற. அப்ப நீதான் யாரு?"

"நீதான் குதிரை!" என்று சொல்லி அவள் அப்பாவின் முடியைப் பிடித்து இழுத்தாள். அப்பா கனைத்துக்கொண்டே அடுப்பைச் சுற்றி ஓடினார்.

அந்த அமளியில் பெரியப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "உனக்குத் தர்றதாச் சொன்ன குதிரைம்மா அது. நீ ஒண்ணுமே சொல்லலையே?"

வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். முதலில் சுகம் என்று சொல்லிவிட்டு, பிறகு நிஜத்தைச் சொல்லலாம் என்றும் தோன்றியது. பெரியப்பா அவசரப்படுத்தவில்லை. காத்திருந்தார்.

"அதுல ஒரே ஒரு தடவை ஏறணும் பெரியப்பா. டாக்டரம்மா வீடு தூரமா?"

"மோட்டார் சைக்கிள்ல போனா தூரம் இல்ல."

பெரியப்பா ஓட்ட, நான், பூஜின், அப்பா என்று நான்கு பேர் ஒரே வண்டியில் போனோம். அப்பா வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தார். காற்றில் எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

மருத்துவமனை வாசலில் பழுப்பன் கட்டியிருந்தது. அப்பா ஓடிப்போய் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டார். அது அவரை முகர்ந்தது. பிறகு புல்லைத் தின்னப் போய்விட்டது. அடையாளம் தெரிந்துகொண்டது என்று அப்பா சொன்னார். இல்லை என்று நாங்கள் யாரும் சொல்லவில்லை.

செரெண் டாக்டர் உயரம் குறைந்த, உரத்த குரல் கொண்ட அம்மாள். அவருக்கு விஷயம் எதுவும் தெரியாது. அப்பாவும் சொல்லவில்லை. "என் பொண்ணு இந்தக் குதிரையில ஒரு சுத்து சுத்தலாமாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

"சுத்தட்டும். கடிச்சா ஊசி இங்கேயே இருக்கு" என்றார் டாக்டர்.

நான் ஏறினேன். ஆற்றங்கரை வரைக்கும் போய் வந்தேன். இறங்கும்போது அது என் சட்டைக் கையைக் கடித்துப் பிய்த்துவிட்டது. பூஜின் எடுத்த போட்டோவில் நான் கிழிந்த சட்டையோடு பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். வகுப்பில் அதைப் பார்த்த பிறகு யாரும் வாயைத் திறக்கவில்லை.

திரும்பிப் போகும்போது விமானத்தில் அப்பாவைக் கேட்டேன். "அன்னிக்கு எழுந்து நின்னு என்னப்பா சொல்ல வந்தீங்க?"

அப்பா ஜன்னல் வழியாக மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னமோ வந்துச்சும்மா. ஆரூலோட சேத்து முழுங்கிட்டேன்" என்றார்.

பழுப்பன் டாக்டரிடமே கிழடாகி, ஒரு கோடையில் ஆற்றங்கரையில் இறந்தது. டாக்டர் இப்போது நகரத்தில் பேரக்குழந்தைகளோடு இருக்கிறார். நான் பள்ளியை முடித்ததும் அப்பாவும் அம்மாவும் ஊருக்கே திரும்பிவிட்டார்கள். அப்பா கம்பளி மூட்டை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். முன்னைவிடக் குறைவாகத்தான் பேசுகிறார், தினமும் பேச ஆள் இருப்பதால். பெரியப்பாவும் பெரியம்மாவும் இன்னும் ஆடு வளர்க்கிறார்கள். பூஜின் அந்த ஊர்ப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. நெர்குய் மருத்துவம் படிக்கப் போகிறேன் என்று சொல்கிறாள், மதிப்பெண் வர வேண்டும். நான் பில்செனில் டிராம் ஓட்டுகிறேன்.